குண்டு மெஷினுக்கு மழை தெரியும்

ஊசிப்பாறைத் தோட்டத்துக்குக் குண்டு மெஷின் வந்த அன்று பூண்டுலோயாப் பக்கம் நல்ல மூடுபனி. அந்த வருடத்துப் பனிக்குள் தை மாதம் நுழைந்த ஒரு பசு, சித்திரையில் கன்றோடு வெளியே வந்தது. நம்பாதவர்களுக்கு இன்றைக்கும் கன்றைக் காட்டுகிறார்கள். ஆகவே மெஷின் லொறியிலிருந்து இறங்கியதை யாரும் பார்க்கவில்லை. பனி விலகியபோது அது ஃபெக்டரியின் பின்னறையில் நான்கு காலில் உட்கார்ந்திருந்தது.

படுக்கவைத்த பெரிய உருளை. உள்ளே நெல்லிக்காய் அளவில் வெள்ளைப் பீங்கான் குண்டுகள், ஆயிரக்கணக்கில். உருளை சுற்றும்போது குண்டுகள் சுவரோடு ஏறி, உச்சியிலிருந்து சரிந்து விழும். நடுவில் அகப்பட்ட, காயவைத்த பச்சைத் தேயிலை தூளாகும். தேயிலையோடு சுக்கைப் போட்டால் இரண்டும் எது எது என்று பிரிக்க முடியாதபடி கலந்து வெளியே வரும். அந்தத் தூளின் நயத்தைச் சொன்னால் பொய் என்பார்கள். ஒருமுறை ஒரு கரண்டித் தூள் கை தவறியது செவ்வாய்க்கிழமை. அது தரைக்கு வந்து சேர்ந்தது வியாழக்கிழமை. ஃபெக்டரியின் வெள்ளைப் பூனை இடையில் அந்தப் பக்கம் போனதால் இப்போது அது பச்சைப் பூனை.

மெஷினின் பக்கவாட்டில் கண்ணாடி முகம் வைத்த ஒரு பெட்டி. எத்தனை கிலோ போட்டிருக்கிறோம் என்று அதில் அழுத்திச் சொல்லவேண்டும். உருளையின் இடுப்பில் காளான் மாதிரி ஒரு சின்னக் கருவி ஒட்டியிருந்தது. அதுதான் காது. குண்டுகள் விழும் சத்தத்தை அது கேட்கும். நாம் சொன்ன எடைக்கு வரவேண்டிய சத்தம் வருகிறதா என்று பெட்டி ஒத்துப் பார்க்கும். ஒத்துவராவிட்டால் மஞ்சள் விளக்கு. கொஞ்சமும் ஒத்துவராவிட்டால் சிவப்பு. சிவப்பு எரிந்தால் மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். தூள் குறுணையாக வரும்.

இதை ஓட்டும் வேலை ஜீவராணிக்குக் கிடைத்தது. பதினெட்டு வருடம் மலையில் கொழுந்து எடுத்தவள். மெஷினைப் பொருத்திப் பூட்டவந்த ஷிஹாப் என்ற கொழும்புக்கார இளைஞன் ஆள் தேர்ந்தெடுக்க ஆறு பேரை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டான். ஐந்து பேர் பதில் சொன்னார்கள். ஜீவராணி பதில் சொல்லவில்லை, திருப்பிப் பதினேழு கேள்வி கேட்டாள். குண்டு ஏன் உருண்டை, சதுரமா இருந்தா என்ன? காதுக்கு வயசாகுமா? ராத்திரி சும்மா நிக்கிறப்ப அது எதைக் கேக்கும்? பதினேழாவது கேள்வியில் ஷிஹாப் களைத்துப்போய், "இந்த அக்காவையே போடுங்க" என்று ஃபெக்டரியை நடத்தும் டீமேக்கர் பிரதாப்பிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினான்.

ஆனால் மெஷின் தோட்டத்துக்குச் சொந்தமில்லை. அறுபது நாள் பரீட்சைக்கு வந்தது. அறுபதாம் நாள் ஷிஹாப் வருவான், நான்கு ஈடு தேயிலை போட்டு ஓட்டிப் பார்ப்பான். மூன்று ஈடாவது பதினைந்து மைக்ரோனுக்குள் அரைபட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் மெஷின் லொறி ஏறி வேறு தோட்டத்துக்கு. ஜீவராணியின் பெயர் மறுபடி மலைப் பெரட்டில், அதாவது காலையில் மலைக்கு ஆள் பிரிக்கும் வரிசையில். மலை அவளுக்குப் புதிதல்ல. ஆனால் மலையில் கேள்வி கேட்டால் பதிலுக்குக் காலில் ஏற அட்டைதான் வரும்.

ஷிஹாப் ஊருக்குப் போன மறுநாளே மஞ்சள் விளக்கு எரிந்தது. நான்காம் நாள் சிவப்பு. அடுத்த இரண்டு நாள் மஞ்சள், பிறகு சிவப்பு. ஜீவராணி கோயில் கலண்டரைக் கொண்டுவந்து சுவரில் மாட்டி, சிவப்பு எரிந்த நாளுக்கெல்லாம் ஒரு புள்ளி வைத்தாள். மூன்று வாரம் கழித்து எட்ட நின்று பார்த்தாள். புள்ளி வைத்த நாளெல்லாம் மழை நாள்.

"கூரைத் தகரத்துல மழ அடிக்குதுல்ல, அந்தச் சத்தம் காதுல விழுது" என்றார் டீமேக்கர் பிரதாப். அவர் எதற்கும் உடனே விளக்கம் வைத்திருப்பவர். காய்ந்த தேயிலை கையிருப்பில் குறைந்துகொண்டே வந்ததற்கும் எலி என்று விளக்கம் சொல்லி எலிப்பொறி வைத்திருந்தார். அகப்பட்ட ஒரே எலியும் எலும்பும் தோலுமாக இருந்தது.

ஜீவராணி காதைச் சுற்றிக் கம்பளி கட்டினாள். மழைக்கு அப்போதும் சிவப்புதான் எரிந்தது. நல்ல வெயில் நாள் ஒன்றில் இரண்டு பேரைக் கூரையில் ஏற்றி, குழாய்த் தண்ணீரைத் தகரத்தில் ஒரு மணித்தியாலம் அடிக்கச் சொன்னாள். பேசுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. மெஷின் அசரவில்லை. வழக்கமான மஞ்சள்தான்.

"பொய் மழைக்கு அது ஏமாறாதுங்க" என்றார் கூரையிலிருந்து இறங்கியவர்களில் ஒருவர். அன்று மாலைக்குள் இது தொழிலாளர் குடியிருக்கும் எல்லா லயத்துக்கும் போய்விட்டது.

இலையில் ஈரமா என்று பார்த்தாள். ஒவ்வொரு ஈட்டிலும் உருளைக்குள்ளிருந்து ஒரு பிடி எடுத்துச் சுடவைத்து நிறுத்தாள். ஈரம் என்றைக்கும் ஒரே அளவு. அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவு இரட்டைக் கதவு. தேயிலை ஒட்டிய பையில் வருகிறது. உருளையில் விழும்வரை இந்த அறையில் அதை யாரும் கையால் தொடுவதில்லை. பக்கத்து அறையில் தராசுக்காரர் மூக்கன் அதைப் பிரித்து வேறு பையில் நிரப்பி நிறுத்து, எடையைத் துண்டில் எழுதி, பையைக் கப்பிச் சங்கிலியில் மாட்டிவிடுவார். சங்கிலி சுவருக்கு மேலாலே பையைத் தூக்கிவந்து நேரே உருளையின் வாயில் கவிழ்க்கும். துண்டில் உள்ள எடையை ஜீவராணி பெட்டியில் அழுத்துவாள். துண்டில் உள்ளதைத்தான் அழுத்தவேண்டும், மாற்றக்கூடாது என்பது டீமேக்கரின் சட்டம்.

பிறகு எப்படி? இப்படி மூடிக் கட்டிய அறைக்குள் உட்கார்ந்திருக்கும் மெஷினுக்கு வெளியே மழை பெய்வது எப்படித் தெரிகிறது?

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று பின்னால் தெரியவந்தது. சில நாள் காலையில் வெளியே பளிச்சென்று வெயில் அடிக்கும்போதே சிவப்பு எரியும். ஒரு மணித்தியாலம் கழித்து மழை வரும். பெய்கிற மழை மட்டுமல்ல, பெய்யப்போகிற மழையும் மெஷினுக்குத் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு ஜீவராணிக்கு மரியாதை கூடியது. கொழுந்துக்குப் போகும் பெண்கள் காலையில் ஃபெக்டரி வாசலில் நின்று, "அக்கா, என்ன வெளக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் மழைப் படங்கை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்தார்கள். கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் பந்தலுக்குத் தகரம் போடுவதா, துணி போதுமா என்று கேட்டு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனார். தலவாக்கலை பஸ்ஸின் சிங்களக் கண்டக்டர் ஃபெக்டரி வளைவில் பஸ்ஸை மெதுவாக்கி, மிதிபலகையில் தொங்கியபடி, "அக்கே, அத வஹீத?" என்று இன்றைக்கு மழை உண்டா எனக் கத்துவான். வானிலை அறிக்கை சொல்பவர்களிலேயே ஒருவர் இரகசியமாக வந்து கேட்டுவிட்டுப் போனதாகச் சொல்கிறார்கள். அவர் வந்த அன்று பனி என்பதால் ஆளைச் சரியாகப் பார்த்தவர்கள் இல்லை.

வாழைப்பழத்தைத் தின்றபடி ஜீவராணி கலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் மெச்சியதில் அவளுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. மழையை அறிந்த மெஷின் பதினைந்து மைக்ரோனை அறியவில்லை. வெயில் நாளில் பதினாறு, பதினேழு. மழை நாளில் இருபத்தைந்து, இருபத்தாறு. இப்படியே ஐம்பத்தொன்பது நாள் போயிற்று.

அறுபதாம் நாள் காலை வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. ஷிஹாப் லொறியோடு வந்தான். லொறியில் கயிறும் சங்கிலியும் தயாராக இருந்ததை ஜீவராணி பார்க்காதது போலப் பார்த்தாள்.

"கவலப்படாதீங்க அக்கா. இன்னைக்கு நல்ல வெயில்" என்றான் ஷிஹாப்.

முதல் ஈடு போட்டார்கள். துண்டில் முப்பது என்று இருந்தது. முப்பது அழுத்தினாள். உருளை சுற்றியது. சிவப்பு.

ஷிஹாப் தூளை எடுத்துத் தன் அளக்கும் பெட்டியில் வைத்தான். இருபத்தாறு.

"அப்ப இன்னும் ஒரு மணித்தியாலத்துல மழ வரும்" என்றார் டீமேக்கர், மணிக்கூட்டைப் பார்த்து. வந்தது. லொறிக்காரன் ஓடிப்போய்க் கண்ணாடியை ஏற்றினான்.

மிச்சம் மூன்று ஈடு. மூன்றும் தேறவேண்டும். இரண்டாவது ஈட்டுக்குப் பை சங்கிலியில் ஏறி, சுவருக்கு மேலே வந்து, அங்கேயே நின்றுவிட்டது. மழையில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் கப்பியின் மோட்டார் கோபித்துக்கொண்டது. ஷிஹாப் பொத்தான்களை அழுத்திப் பார்த்தான். பை ஊஞ்சலாடியது, இறங்கவில்லை.

"விடுங்க தம்பி, நான் எறக்குறேன்" என்று ஜீவராணி ஏணியில் ஏறினாள். கொக்கியிலிருந்து பையைக் கழற்றி, பழக்க தோஷத்தில் முதுகுக்குத் தள்ளி, இறங்கத் தொடங்கினாள்.

இரண்டாம் படியில் நின்றுவிட்டாள்.

கால் நோவு என்று நினைத்து ஷிஹாப் கை கொடுக்கப் போனான். அவள் அசையவில்லை. பதினெட்டு வருடம் கொழுந்து சுமந்த முதுகு அது. எத்தனை கிலோ என்று தராசுக்கு முன்பே அதற்குத் தெரியும். மடுவத்தில், அதாவது மலையில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், தராசில் வைக்குமுன் அவள் மனதுக்குள் ஓர் எண் சொல்லுவாள். தராசும் அதையே சொல்லும். புத்தகத்தில் மட்டும் வேறு எண் விழும்.

"இது முப்பது இல்லிங்க" என்றாள் ஏணியிலிருந்து. "முப்பத்திமூணு."

"துண்டுல முப்பதுன்னு இருக்கே" என்றார் டீமேக்கர்.

"துண்டு துண்டுங்க. முதுகு முதுகுங்க."

பையைத் தோளில் போட்டபடியே அவள் பக்கத்து அறைக்குப் போனாள். பின்னால் ஷிஹாப், அவனுக்குப் பின்னால் டீமேக்கர். மூக்கன் தராசுக்கு அருகில் மூன்றாவது பையை நிரப்பிக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருடம் மடுவத்தில் தராசு பிடித்தவர். முழங்கால் பழுதானதால் அவரை ஃபெக்டரிக்கு மாற்றியிருந்தார்கள். மேல் டிவிஷன் லயத்திலிருந்து தினமும் இரண்டு மைல் இறங்கி வருவார்.

ஜீவராணி பையைத் தராசில் வைத்தாள். முப்பத்திமூன்று.

"மாமா, இத எத்தனன்னு எழுதுனீங்க?"

"முப்பது" என்றார் மூக்கன், இதிலென்ன கேள்வி என்பது போல.

"தராசு என்ன சொல்லுது?"

"முப்பத்திமூணு."

"அப்ப?"

"அப்ப முப்பது" என்றார் மூக்கன்.

ஷிஹாப் தராசைப் பார்த்தான், துண்டைப் பார்த்தான். "மிச்சம் மூணு எங்கங்க?"

மூக்கன் டீமேக்கரைப் பார்த்தார். டீமேக்கர் கூரையைப் பார்த்தார். தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை வெளியாள் ஒருவன் கேட்டுவிட்டால், பதில் சொல்லும் முறை அங்குள்ள யாருக்கும் தெரியாது.

"சாக்குக்கு ஒண்ணு" என்றார் மூக்கன் கடைசியில். "காம்புக்கு ஒண்ணு. மழைக்கு ஒண்ணு. பெரிய மழன்னா ரெண்டு. கழிச்சுத்தானே எழுதணும்? அந்தக் காலத்துலருந்து அப்படித்தான்."

"இந்தப் பை நூறு கிராமும் இல்லையே."

"சாக்கு சாக்குதானே தம்பி."

"காம்பெல்லாம் பொறுக்கிட்டுத்தான் காய வைக்கிறாங்க."

"அது உங்களுக்குத் தெரியும். கழிவுக்குத் தெரியுமா?"

"சரிங்க, மழைக்குன்னீங்க. காஞ்ச தேயில, ஒட்டின பை. காலைல மொத ஈடு போடுறப்ப வெயில் அடிச்சிச்சு. மழ எங்கிருந்திச்சு?"

மூக்கன் மோவாயால் காட்டினார். சுவரில் ஒரு ஆணி. ஆணியில் அவருடைய பழைய மழைக்கோட்டு. அதிலிருந்து இன்னமும் சொட்டிக்கொண்டிருந்தது. காலையில் மேல் டிவிஷனில் நனைந்தது. மேலே பெய்யும் மழை ஃபெக்டரிக்கு இறங்கி வர ஒரு மணித்தியாலம் பிடிக்கும். அதற்கு முன்பே மூக்கன் இறங்கிவிடுவார்.

ஜீவராணி வாயைப் பொத்திக்கொண்டாள். அறுபது நாள் அவள் தேடிய மழை ஆணியில் தொங்கியது.

"அவரு ரெண்டு கழிச்சா மஞ்சள்" என்றாள் மெதுவாக. "மூணு கழிச்சா செவப்பு. கூரைல தண்ணி அடிச்ச அன்னைக்கு இவரு நனையலயே! மெஷினுக்கு மழையும் தெரியல, ஒண்ணும் தெரியல. முப்பதுன்னு சொல்லிட்டு முப்பத்திமூணப் போடுறீங்களேன்னுதான் அது கத்திக்கிட்டே இருந்திருக்கு."

"அய்யோ, அப்ப எலி?" என்றார் டீமேக்கர்.

"எலி பாவங்க."

ஷிஹாப் இடுப்பில் கை வைத்துச் சிரித்தான். "அக்கா, உலகத்துல எத்தனையோ எடத்துல இந்த மெஷின் ஓடுது. எடை பொய்யின்னு அது புகார் குடுத்தது இங்கதான்."

"நாங்களுந்தான் குடுத்தோம்" என்றாள் ஜீவராணி. "எங்களுக்கு செவப்பு வெளக்கு இல்ல."

அந்த நேரம் டீமேக்கர் எலிப்பொறியை எங்கே வைத்தோம் என்று தேடப் போய்விட்டார்.

மூக்கன் கெட்டவர் அல்ல. மூன்று கிலோவை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. அவருடைய கண் ஓர் எண்ணைப் பார்க்கும், கை வேறோர் எண்ணை எழுதும். இரண்டுக்கும் நடுவில் மூக்கன் கிடையாது. ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், அவரை நிறுத்து ஐம்பத்தெட்டு என்று சொன்னால் அவர் திருத்தி ஐம்பத்தாறு என்பார். மழைக் காலமென்றால் ஐம்பத்தைந்து. அவருடைய பேரப்பிள்ளைகள் பிறந்தபோது எடுத்த எடையை அவர் வாயால் கேட்டால், அதில் ஒருத்தி இன்னும் பிறக்கவே இல்லை என்றுதான் கணக்கு வரும்.

"இப்ப சரியா முப்பது போட்டு முப்பதுன்னு எழுதுங்க மாமா" என்றாள் ஜீவராணி.

மூக்கன் பையில் அள்ளிக் குறைத்தார். தராசு முப்பது காட்டியது. பேனாவைத் துண்டில் வைத்தார். கை இருபத்தேழு என்று எழுதியது. அடித்துவிட்டு மறுபடி எழுதினார். இருபத்தேழு. மூன்றாம் முறை பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். இருபத்தெட்டில் பேனா முறிந்தது.

"ஏலாது புள்ள" என்றார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "கை கேக்குதில்ல."

"நான் வேணும்னா சரியான எடையையே அழுத்துறேன்" என்றான் ஷிஹாப்.

"துண்டுல உள்ளதுதான்!" என்று டீமேக்கரின் குரல் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து வந்தது. மனிதர் ஒளிந்தாலும் சட்டம் ஒளியவில்லை.

லொறிக்காரன் வெளியே ஒருமுறை ஹோர்ன் அடித்தான்.

ஜீவராணி யோசித்தாள். மடுவத்தில் மழையோடு வரிசையில் நின்ற நாட்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். மூக்கனின் கை ஒருமுறையாவது கழிக்காமல் எழுதியதுண்டா? உண்டு. அவளே கண்ணால் பார்த்திருக்கிறாள்.

அவள் தன் பேனாவை அவர் கையில் வைத்தாள்.

"மாமா, இது கொழுந்துன்னு நெனைக்காதீங்க. தொரை பங்களாவுக்குப் போற மரக்கறின்னு நெனச்சு நிறுங்க."

மூக்கன் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டார். பங்களா மரக்கறிக்கு அவர் ஒரு போஞ்சிக்காயைக்கூடக் கழித்தவரல்ல. பையைத் தொட்டுச் சரிசெய்தார், தராசின் எண்ணைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், அழகான எழுத்தில் எழுதினார்: முப்பது.

பையை ஜீவராணியே முதுகில் சுமந்துவந்து உருளையில் கவிழ்த்தாள். முதுகும் முப்பது என்றது. பெட்டியில் முப்பது அழுத்தினாள். குண்டுகள் ஏறின, சரிந்தன. கடகடவென்ற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மாறி, மணலில் மழை விழுவது போல ஒரே சீராக வந்தது. பெட்டியில் ஒரு விளக்கு எரிந்தது. பச்சை.

"இப்படி ஒரு வெளக்கும் இதுல இருக்கா?" என்றார் டீமேக்கர்.

பதின்மூன்று மைக்ரோன். அடுத்த ஈடு பதின்மூன்று. கடைசி ஈடு பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டு மைக்ரோன் தூளை ஷிஹாப் ஒரு தாளில் கொட்டி ஜீவராணிக்குக் காட்டினான். காட்டிக்கொண்டிருக்கும்போதே அது தாளை ஊடுருவி மறுபக்கம் போய்விட்டது.

லொறி கயிறோடும் சங்கிலியோடும் வெறுமையாகத் திரும்பியது. ஷிஹாப் ஏறும்போது ஜீவராணி ஓடிவந்து, "தம்பி, ஒரே ஒரு கேள்வி" என்றாள். "சட்டுனு கெளம்புங்க" என்று அவன் லொறிக்காரனிடம் சொன்னதாகக் கேள்வி.

மறுநாள் காலை தூறல். கொழுந்து நிறுக்கும் நேரமான பத்து மணிக்கு மடுவத்தில் ஆளே இல்லை. நாற்பத்திரண்டு பெண்கள் கொழுந்துச் சாக்குகளோடு ஃபெக்டரி வாசலில் வரிசையாக நின்றார்கள். முன்னால் ராக்காயி. தோட்டத்திலேயே நீளமான நாக்கு அவளுக்குத்தான். மழை நாளில் அதை மடித்துக் குடையாகப் பிடிக்கலாம் என்பார்கள்.

டீமேக்கர் வெளியே வந்தார். "என்ன இது? கொழுந்து மடுவத்துலதானே நிறுக்கணும்?"

"அங்க உள்ள தராசுக்காரருக்குப் பங்களா மரக்கறி நிறுத்துப் பழக்கமில்லையாம் ஐயா" என்றாள் ராக்காயி. "மூக்கன் மாமாவுக்குத்தான் அந்த வித்த வருமாம். அவரையே கூப்பிடுங்க."

"இது ஃபெக்டரி தராசு, காஞ்ச எலைக்கு..."

"அப்ப அந்தக் காதையாவது கழட்டித் தாங்க. மடுவத்துல மாட்டிக்கிறோம்."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. டீமேக்கர் விளக்கம் தேடினார். கூரையைப் பார்த்தார். அங்கே பச்சைப் பூனைதான் இருந்தது.

ஜீவராணி மெஷினை ஓடவிட்டு வந்து, நிறுக்கும் அறையின் வெளிக்கதவைத் திறந்துவிட்டாள். அவள் யாரிடமும் கேட்கவில்லை. கேள்வி கேட்காமல் அவள் செய்த முதல் காரியம் அது என்று பின்னால் சொன்னார்கள்.

ராக்காயி சாக்கைத் தராசில் வைத்தாள். இருபத்தொன்று. மூக்கன் ஆணியில் தொங்கிய கோட்டைப் பார்த்தார். சொட்டியது. வாசலுக்கு வெளியே தூறலைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார், அது நிஜமாகவே நனைந்திருந்தது. பேனாவைத் துண்டுக்கு மேலே பிடித்தார்.

பக்கத்து அறையில் குண்டுகள் ஒரே சீராகச் சரிந்துகொண்டிருந்தன.

"தண்ணிக்கு..." என்று தொடங்கினார் மூக்கன்.

"தண்ணிய ஒதறிட்டுத்தான் வந்தேன் மாமோய்" என்றாள் ராக்காயி. "பங்களா கேரட்டு கழுவின ஈரத்தோட வந்தா கழிப்பீங்களா?"

மூக்கன் சட்டைப் பொத்தானைப் போட்டார். இருபத்தொன்று என்று எழுதினார். எழுதியதைத் தூரத்தில் பிடித்து, யாரோ வேறு ஆள் எழுதியது போலப் பார்த்தார்.

"அடுத்த ஆள்" என்றார்.

வளைவில் பஸ் மெதுவானது. "அக்கே, அத வஹீத?" என்று கண்டக்டர் கத்தினான், விரித்த குடையில் தூறல் விழ விழ.

ஜீவராணி உள்ளே போய் விளக்கைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"பச்சை!" என்றாள்.

கண்டக்டர் குடையை மடக்கிக்கொண்டான்.